சக்கரம் முதலில், டயர் பிறகு: பழைய ஜீப்புக்குக் காலத்துக்கேற்ற ரிம்மும் டயரும்

பழைய ஜீப்பைச் சீரமைக்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் டயரில்தான் முதலில் கை வைக்கிறார். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அது. கடைக்குப் போனால் அன்றைக்கே வாங்கிவிட முடிவதும் அது. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வண்டியின் காலத்தைத் தாங்கி நிற்பது ரிம். அது இரும்பு, நன்றாக வைத்திருந்தால் எழுபது ஆண்டுகள் கழித்தும் ஓட்டலாம். டயரோ தேயும் பொருள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் கெட்டுவிடும். ஆகவே தேடுவதற்கான நேரத்தையும் பொறுமையையும் ரிம்முக்குக் கொடுங்கள். அந்த ரிம் கேட்கிற அளவில், அந்தக் காலத்து அமைப்பில், புதிதாகச் செய்த டயரைப் போடுங்கள். காலப் பொருத்தம் அளவிலும் அமைப்பிலும் தோற்றத்திலும் இருக்க வேண்டும். ரப்பரின் வயதில் அது இருக்கத் தேவையில்லை, இருக்கவும் கூடாது.

பெங்களூரில் இருப்பவருக்கு இந்தத் தேடல் மற்ற ஊர்களைவிட எளிது. இது ராணுவ வண்டிகள் புழங்கிய கன்டோன்மென்ட் ஊர். மெட்ராஸ் சாப்பர்ஸ் மையமும் ராணுவத்தின் 515ஆம் பேஸ் ஒர்க்‌ஷாப்பும் அல்சூரில் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இன்றைய ஹெச்ஏஎல் நிறுவனம் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கும் தளமாக இருந்தது. மேற்கே சில மணி நேரப் பயணத்தில் சக்லேஷ்பூர், சிக்கமகளூர், குடகு காபித் தோட்டங்கள். அங்கே ஜீப் இன்றும் உழைக்கும் வண்டி. இவற்றோடு மஹிந்திரா பல பத்தாண்டுகள் விடாமல் ஜீப் தயாரித்த வரலாறும் சேர்கிறது. மற்ற நாடுகளில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட அளவுகள் நமக்கு இன்னும் கடைச் சரக்காக இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காலத்துக்கேற்றது என்றால் எந்தக் காலத்துக்கு? இதற்கு விடை சொல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவிடக் கூடாது. 1941 முதல் 1945 வரை வந்த போர்க்கால ஜீப்புகளான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டுக்கும் டயர் 6.00-16. தொடக்க வண்டிகளில் ஒரே துண்டான ரிம் இருந்தது. 1942 முதல் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைக்கும் காம்பட் ரிம் வந்தது. அதன் அகலம் 4.50 அங்குலம். போர் முடிந்ததும் 1945இல் வந்த சிஜே-2ஏ, பின்னர் வந்த சிஜே-3ஏ, 1953இல் தொடங்கிய சிஜே-3பி ஆகிய பொதுமக்கள் ஜீப்புகள் ஒற்றைத் துண்டு ரிம்முக்குத் திரும்பின. டயர் அளவு மட்டும் மாறவில்லை. மஹிந்திரா 1949இல் மும்பை மஸ்காவ்னில் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக வரவழைத்துக் கோக்கத் தொடங்கி, பிறகு சிஜே-3பி வடிவத்தை இங்கேயே தயாரித்தது. நம் சாலைகளில் இருக்கும் பழைய ஜீப்புகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பிறக்கிறது. 1960களில் மும்பையில் பிறந்த மஹிந்திரா ஜீப்புக்கு காம்பட் ரிம்மும் ராணுவ டயரும் மாட்டிப் பச்சை வண்ணம் அடித்தால், அது காலத்துக்கேற்ற சீரமைப்பு ஆகாது. அந்த வண்டிக்கு இல்லாத வரலாற்றை அதன் மேல் ஏற்றுவதுதான் அது. அந்த ஜீப் ஓடிய நாட்களில் அதன் கால்களில் இருந்தவை இந்திய டயர்கள். வங்காளத்தின் சாகாகஞ்சில் 1936இலும் சென்னை அம்பத்தூரில் 1959இலும் ஆலை தொடங்கிய டன்லப், மும்பையின் ஃபயர்ஸ்டோன், பல்லப்கரின் குட்இயர், 1946இல் பலூன் செய்யத் தொடங்கி 1960களில் டயருக்கு வந்த திருவொற்றியூரின் எம்ஆர்எஃப் போன்றவை அன்றைய சந்தையில் இருந்தன. அந்தக் காலத்து இந்திய ஜீப் டயரின் சாதாரண சாலைப் பட்டன்தான் அந்த வண்டிக்கு உண்மையான அழகு. இது ஏதோ குறைந்த விலைக்காகச் செய்யும் சமரசம் அல்ல. வரலாற்றின்படி சரியான தேர்வு.

வண்டியின் காலத்தை அறிய ஆர்சி புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். போர் முடிந்து ஏலத்தில் கைமாறிய ஜீப்புகளில், பதிவான ஆண்டும் உற்பத்தியான ஆண்டும் வேறாக இருக்கலாம். சேசிஸ் எண், டேஷ்போர்டில் உள்ள தகவல் தகடு, முந்தைய உரிமையாளரிடம் இருக்கும் புகைப்படம் மூன்றையும் ஒப்பிடுங்கள். போர்க்கால எம்பிக்கு 1944இல் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட டிஎம் 9-803 கையேடு இருக்கிறது. சிஜே வகைகளுக்கு வில்லிஸ், மஹிந்திரா உரிமையாளர் கையேடுகள் இருக்கின்றன. டயர் அளவு, காற்றழுத்தம் இரண்டுக்கும் அவையே கடைசிச் சொல்.

ரிம்மை அளப்பதும் சோதிப்பதும்

பழைய ரிம் வாங்கப் போகும்போது நான்கு அளவுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: விட்டம், அகலம், ஸ்டட் வட்டம், நடுத் தகடான டிஸ்க் உள்வாங்கியிருக்கும் ஆழம். விட்டம் 16 அங்குலம் என்பதில் குழப்பம் வராது. அகலத்தில்தான் ஏமாறுகிறார்கள். 4.50 அங்குலம் என்பது ரிம்மின் இரண்டு உதடுகளுக்கு நடுவே, டயர் உட்காரும் உட்பக்கத்தில் எடுக்கும் அளவு. வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு டேப் பிடித்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். நல்ல ரிம்மை அகலம் அதிகம் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள். ஐந்து ஸ்டட் வட்டத்தை நேரே குறுக்காக அளக்க முடியாது, ஏனெனில் எந்த ஓட்டைக்கும் நேர் எதிரே ஓட்டை கிடையாது. அதனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். வில்லிஸ், மஹிந்திரா ஜீப்பில் அந்த இடைவெளி சுமார் 82 மி.மீ. வரும், வட்டம் 139.7 மி.மீ. லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் இடைவெளி 97 மி.மீ.; வட்டம் 165.1 மி.மீ. இரண்டும் ஐந்து ஓட்டை, இரண்டும் 16 அங்குலம். ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது.

வட்டம் ஒத்துப்போவதாலேயே ரிம் பொருந்திவிட்டது என்றும் ஆகாது. மாருதி ஜிப்சியின் ஸ்டட் வட்டமும் 139.7 மி.மீ.தான், அதனால் ஜீப்பில் ஜிப்சி ரிம் மாட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆனால் அது 15 அங்குல ரிம். அதன் நட்டு 12 மி.மீ. மெட்ரிக் மரை; வில்லிஸ் ஸ்டட்டோ அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நட்டு உட்காரும் கூம்புப் பள்ளமும் டிஸ்க்கின் ஆழமும் பொருந்துகின்றனவா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். ஆழம் மாறினால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் ஸ்பிரிங்கில் உரசலாம், அல்லது சக்கரம் வெளியே தள்ளிப் போய் பேரிங்கின் மேல் சுமை கூடலாம். பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர் இந்தச் சுருக்கு வழியை விட்டுவிடுவது நல்லது.

அளவு சரியென்றால் அடுத்தது உடல்நிலை. ரிம்மை வண்ணம் அடித்த நிலையில் வாங்காதீர்கள். வாங்கினால், ஒரு பகுதியைச் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். முதலில் டயர் உட்காரும் வளையத்தைத் தடவிப் பாருங்கள். மேல்துரு உப்புத்தாளில் போய்விடும். ஆனால் விரல் நகம் இறங்கும் பள்ளங்கள் இருந்தால் அந்த ரிம்மைக் கண்காட்சிக்கு மட்டுமே வைக்கலாம். பிறகு நட்டு ஓட்டைகள். நட்டு தளர்ந்த நிலையில் ஓடிய வண்டியின் ரிம்மில் ஓட்டை முட்டை வடிவம் எடுத்திருக்கும்; அதன் ஓரத்திலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். வெல்டிங் வைத்து நிரப்பித் துளைத்த ஓட்டையை ஏற்காதீர்கள். மூன்றாவது, ரிம்மின் சுற்றளவு முழுவதும் ஓடும் வெல்டிங் கோடு. அகல டயருக்காக ரிம்மை வெட்டி நடுவில் பட்டை சேர்த்த பட்டறை வேலையின் அடையாளம் அது. கடைசியாக ஒரு லேத் பட்டறையிலோ, ஜாக்கி கொடுத்துத் தூக்கிய முன் ஹப்பிலோ மாட்டிச் சுற்றி, அசையாத ஒரு கூரான கம்பியைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கம்பிக்கும் உதட்டுக்கும் உள்ள இடைவெளி விரிந்து சுருங்கினால் ரிம் கோணல். சிறிய கோணலை அனுபவமுள்ள கைகள் நிமிர்த்திவிடும்; டிஸ்க்கே வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

பெங்களூரில் ஜேசி ரோடு, புதிய உதிரிகளுக்கான முதல் இடம். நட்டு, ஸ்டட், வால்வு, டியூப் எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய ரிம்முக்கு சிவாஜிநகர் குஜிரி என்னும் பழைய பொருள் சந்தை. தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் ஜீப் ரிம் என்று பொதுவாகக் கேட்டால் கண்ட ஐந்து ஓட்டை ரிம்மும் வந்து நிற்கும். அளவுகளை அட்டையில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். அங்கே கிடைக்காதபோது சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் அடுத்த படிகள். இவற்றைவிட நம்பிக்கையான இடம் தோட்டப் பகுதி என்பது என் எண்ணம். தோட்ட ஜீப்புகளுக்கு அகல ரிம் மாட்டியவர்கள் கழற்றிய 4.50 அங்குல ரிம்களை எடைக்குப் போடாமல் கொட்டகையில் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மடிக்கேரி, சக்லேஷ்பூர், வால்பாறை, கூடலூர் போன்ற ஊர்களில் ஜீப் வேலை செய்யும் பட்டறைகளில் சொல்லி வைத்தால், தேவைப்படுபவர் இருக்கிறார் என்பது தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். ராணுவம் கழிக்கும் பொருட்களை எம்எஸ்டிசி வழியாக இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். அங்கே மொத்தமாகவே எடுக்க வேண்டும் என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குவது நல்லது. கர்நாடக விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் போன்ற அமைப்புகளில் அப்படிச் சேரும் ஆட்கள் கிடைப்பார்கள்.

வாங்கும் ரிம்களில் தயாரிப்பாளர் முத்திரையைத் தேடுங்கள். அமெரிக்க ரிம்களில் கெல்சி ஹேய்ஸ் பெயரைக் காணலாம்; சென்னை பாடியின் வீல்ஸ் இந்தியா 1960இல் தொடங்கிய நிறுவனம், ஆகவே அதன் முத்திரை உள்ள ரிம் அதற்கு முந்தைய வண்டிக்குப் பிறப்பிலேயே வந்ததாக இருக்க முடியாது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து ரிம்களும் ஒரே தயாரிப்பாக அமைவது அரிது. அளவும் டிஸ்க் வடிவமும் ஒத்திருந்தால் கலந்து மாட்டலாம். முன் அச்சில் இருப்பவை மட்டும் கட்டாயம் ஒரே ஜோடியாக இருக்கட்டும்.

கழற்றும் முன் இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, இடது பக்கச் சக்கரங்கள். வில்லிஸ் எம்பியிலும் தொடக்க சிஜேக்களிலும் இடது பக்க ஸ்டட்டுகளுக்கு இடது மரை. முன்னோக்கி ஓடும்போது நட்டு தானாகத் தளரக் கூடாது என்ற எண்ணத்தில் அப்படிச் செய்தார்கள். அந்த ஸ்டட்டுகளில் எல் எழுத்து பொறித்திருக்கும்; துருவில் மறைந்தும் இருக்கலாம். இன்றைய டயர் கடையில் காற்று ஸ்பானரை வழக்கமான திசையில் அழுத்தினால் நட்டு இறுகிக்கொண்டே போய் ஸ்டட் முறிந்துவிடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் சுற்றைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இரண்டாவது எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. காம்பட் ரிம்மில் அச்சோடு பிணைக்கும் நட்டுகள் வேறு; ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் வெளிவட்ட நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் பாதி ரிம் பெரும் விசையோடு பிய்த்துக்கொண்டு வரும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதும் வெளியேறிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். இந்த ரிம்மைப் பார்த்தே இராத பஞ்சர் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அருகில் நின்று சொல்லுங்கள்.

டயரைப் படிப்பது

6.00-16 என்ற எழுத்தில் முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம் விட்டம். நடுவிலுள்ள கோடு குறுக்கிழை அமைப்பைச் சொல்கிறது. கடையில் இதை நைலான் டயர் என்பார்கள். கோட்டின் இடத்தில் ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். அதன் பின் வரும் ப்ளை ரேட்டிங் பாரம் தாங்கும் தரத்தைக் காட்டுவது. உள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்ற கணக்கல்ல. நம் நாட்டில் இந்த அளவுக்கே உரிய ஒரு பொறி உண்டு. டிராக்டரின் முன்சக்கர டயரும் 6.00-16தான். விலையும் ஈர்க்கும், கிடைப்பதும் எளிது. ஆனால் அதன் முகத்தில் நீளவாக்கில் ஓடும் தடித்த வரிகள் மட்டுமே இருக்கும். பக்கச்சுவரில் எஃப்-2 என்றோ ஏ6, ஏ8 என்ற வேகக் குறியோ காணப்படும். ஏ6 என்றால் மணிக்கு 30 கி.மீ., ஏ8 என்றால் 40 கி.மீ. வயலுக்காகச் செய்த அந்த டயர் தார்ச்சாலையில் ஜீப் வேகத்துக்குச் சூடேறும். ஈரத்தில் பிரேக் பிடிக்காது. அளவு சரியாக இருந்தும் முற்றிலும் தவறான டயர் அது. ஜீப்புக்கு என்று சாலை வேகத்துக்குச் செய்ததும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதுமான டயரையே கேளுங்கள். ரீபட்டன் போட்ட டயர் பளபளப்பாகத் தோன்றலாம். பட்டனும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் ஒட்டுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அடியிலுள்ள உடலின் வயது உங்களுக்குத் தெரியாது என்பதால் அதை ஒதுக்குங்கள்.

டயரின் வயதைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று வருகிறது. முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது கடந்த நூற்றாண்டின் டயர்.

பழைய டயரே உண்மையான டயர் என்பவர்களுக்கு

பெயர் பொறித்த பழைய டன்லப் டயர் ஒன்று உறை பிரிக்காமல் கிடைத்தால் அதைவிடக் காலப் பொருத்தம் வேறென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆசை புரிந்துகொள்ளக்கூடியது. அந்த டயர் பாதுகாக்க வேண்டிய பொருளும்கூட. ஆனால் சாலைக்கு அது ஆகாது. ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை உடைக்கின்றன. இதைத் தடுக்க டயரில் கலக்கும் மெழுகும் வேதிப்பொருளும், டயர் சுழன்று நெளியும்போதே மேற்பரப்புக்கு வருகின்றன. ஓடாமல் கிடக்கும் டயருக்கு அந்தக் காப்பும் இல்லை. வெளியே விரிசல் தெரியாதபோதும் இழைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு உள்ளே தளர்ந்திருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்த டயரையும் ஓட்ட வேண்டாம் என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. கண்காட்சியில் நிறுத்தி வைக்க அந்த டயரை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் போவதற்கு வேறு ஜோடி வேண்டும்.

ராணுவ ஜீப்புக்கு என்டிடி என்று அழைக்கப்படும் இருதிசைக் கட்டைப் பட்டன் டயர்தான் வேண்டும் என்பது அடுத்த வாதம். உண்மையான எம்பிக்கும் ஜிபிடபிள்யூவுக்கும் இது சரி. இன்று வெளிநாடுகளில் அதைப் புதிதாகச் செய்கிறார்கள். ஆனால் 2020 ஜூனில் இந்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. அதற்கு முன்பிருந்தே இந்தியத் தரச்சான்று கட்டாயம். ஆகவே உரிமமும் சான்றும் இல்லாமல் நான்கைந்து டயர்களைத் தனியாள் வரவழைப்பது துறைமுகத்தில் சிக்கிக்கொள்ளும் காரியம். அந்தப் பட்டனின் இயல்பையும் எண்ணிப் பாருங்கள். சேற்றில் இரு பக்கமும் பிடிக்க வேண்டும் என்பதற்காக அகன்ற கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் வைத்தார்கள். மழை பெய்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் விளிம்புகள் குறைவு, இரைச்சல் அதிகம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பார்க்கும் பெங்களூர்ச் சாலைக்கு அது நல்ல துணை அல்ல. இந்தியாவில் தயாராகும் 6.00-16 கட்டைப் பட்டன் டயர் கிடைத்தால், போர்க்கால ஜீப்புக்கும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

ரேடியல் ஏன் கூடாது என்பவர்களுக்கு

இதுதான் வலுவான எதிர்வாதம். ரேடியல் 1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற அமைப்பு; இந்தியாவில் ஜேகே டயர் 1977இல் கொண்டுவந்தது. பிடிப்பிலும் ஆயுளிலும் சூடு தாங்குவதிலும் அது மேலானது என்பதை மறுக்கவே முடியாது. கேள்வி, இந்த வண்டியில் அந்த மேன்மை எவ்வளவு பயன்படும் என்பதே. எம்பியின் உச்ச வேகமே மணிக்கு சுமார் 105 கி.மீ.; அதன் பிரேக் 9 அங்குல டிரம். பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலையில் அந்த வண்டியின் வேகத்துக்கு எல்லை வகுப்பது டயர் அல்ல, பிரேக்கும் ஸ்டியரிங்கும்தான். நைலான் டயரின் குறைகள் உண்மையானவை: சாலையில் உள்ள நீள வெட்டுகளைப் பின்தொடரும், பல நாள் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி முதல் சில கிலோமீட்டர்கள் உதறும். அவற்றுக்கு நிதானமான வேகமும், நீண்ட நாள் நிறுத்தும்போது ஸ்டாண்டில் தூக்கி வைப்பதும் போதும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர் ரேடியல் போட்டே ஆக வேண்டுமென்றால், 6.00-16க்கு நெருங்கிய அகலமும் உயரமும் உள்ளதை, டயர் நிறுவனம் அனுமதிக்கும் ரிம் அகலம் பார்த்து, ரேடியலுக்கென்று செய்த டியூபோடு போடலாம். பழைய ரிம்மில் டியூப் இல்லாத டயரை மாட்டாதீர்கள். பீடு, அதாவது ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு, நழுவாமல் தடுக்கும் மேடு அந்தக் கால ரிம்மில் இல்லை.

அகல டயரின் கணக்கு வேறு. 235/75 ஆர் 15 அளவுக்கு 6 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். அதாவது பழைய ரிம்மைக் கைவிட வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் தரையைத் தொடும் ரப்பர் கூடினால் ஸ்டியரிங் பெட்டியின் தேய்மானமும் கூடும். உயரம் கூடினால் கியர் கணக்கு மாறும். சுமார் 28.5 அங்குல உயரத்திலிருந்து 30.5க்குப் போனால் ஏழு விழுக்காடு வித்தியாசம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும், இழுவையும் அதே அளவு குறையும். எம்பிக்கு 4.88, சிஜேக்கு 5.38 என்று அச்சின் விகிதத்தைத் தேர்ந்தவர்கள் 6.00-16 டயரை மனதில் வைத்தே தேர்ந்தார்கள். சட்டமும் இந்தப் பக்கமே நிற்கிறது. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் அளித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, சேசிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் காக்கப்பட்ட வண்டியை எதிர்பார்க்கிறது. அந்தப் பதிவு கண்காட்சி, பேரணி, பழுது போன்ற தேவைகளுக்கு ஓட்ட மட்டுமே, தினசரிப் பயன்பாட்டுக்கு அல்ல. சரியான ரிம்மும் டயரும் அந்த மூல வடிவின் பகுதி.

ஐந்தையும் சேர்த்து வாங்குங்கள்

ஜீப்பின் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இழுவையில் போடும்போது இரு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். முன்னே புது டயரும் பின்னே பாதி தேய்ந்த டயரும் இருந்தால் சுற்றளவு வேறுபடும். அந்த வேறுபாடு முழுவதும் பற்சக்கரங்களில் முறுக்காகச் சேரும். லீவர் வெளியே வர மறுப்பது அதன் முதல் அறிகுறி. எனவே ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களை ஒரே தயாரிப்பில், ஒரே பட்டனில், நெருங்கிய தேதியில் வாங்குங்கள். ஸ்டெப்னியைச் சுழற்சியில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். டியூப் ஐந்தும் புதிதாக வேண்டும், ஏனெனில் பழைய டியூப் ஒருமுறை விரிந்த அளவுக்குப் பழகியிருக்கும். புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பில் கிழியும். ரிம்மின் நட்டு உட்காரும் பள்ளத்தில் தடித்த வண்ணம் இருந்தால் ஓட ஓட வண்ணம் நசுங்கி நட்டு தளரும். அந்த இடத்தை மெல்லிய பூச்சோடு விடுங்கள், முதல் நூறு கிலோமீட்டருக்குள் எதிரெதிர் வரிசையில் மீண்டும் இறுக்குங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி; குறைந்த ஓட்டமுள்ள பழைய ஜீப்பில் அந்த எல்லை வருவதற்கு முன்பே வயது எல்லை வந்துவிடும். டயரைத் தேய்மானத்தால் அல்ல, தேதியால் மாற்றப் பழகுங்கள்.

இவ்வளவும் செலவாகுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி வரிசையில் இருக்கிறது. முதல் ஆண்டில் ரிம்களை மட்டும் தேடிச் சேருங்கள். ஒவ்வொன்றாகக் கிடைத்தால் போதும், அவை காத்திருந்து கெடுவதில்லை. ஐந்தும் சேர்ந்து, துரு நீக்கி, கோணல் பார்த்து, வண்ணம் அடித்து முடிந்த பிறகே டயர் கடைக்குப் போங்கள். டயரை முன்கூட்டி வாங்கி அடுக்கி வைத்தால் அதன் ஆயுள் உங்கள் கொட்டகையிலேயே கழியும். ஒவ்வொரு ரிம்மும் எங்கே கிடைத்தது, என்ன முத்திரை, என்ன பழுது பார்த்தது என்பதை வண்டியின் கோப்பில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த ஜீப்பை எடுப்பவர் டயரை நிச்சயம் மாற்றுவார். ரிம்மின் கணக்கு தெரிந்தால் அதை மாற்றாமல் காப்பாற்றுவார்.